சனிக்கிழமை யாரு ஆடறது

ஆமாக்கா, போறேன். டான்ஸ் கத்துக்கத்தான் போறேன். இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? செவ்வாயும் வியாழனும் சாயந்தரம் அஞ்சரை மணிக்கு. பஞ்சாலைப் பக்கத்துல கலாச்சார மன்றம் இருக்குல்ல, அதுல மாடியில ரெண்டாவது ரூம். நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. அடுத்த தடவை எவளாவது வந்து கோள் மூட்டினா, விலாசம் சரியாச் சொல்றாளான்னு பாத்துக்கலாம். மொதல்ல உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், வெயில் அடிக்கும். இப்படி நிழலுக்கு வாங்க. ரொட்டி காலையில நானே தந்தூர்ல போட்டது, பிய்ச்சுக்கோங்க.

என் புள்ள உமர்பெக் போன் பண்ணி வரச் சொன்னானா? சரி, சொல்லியிருப்பான். அவனுக்கு நீங்க அத்தை, அவங்கப்பாவோட அக்கா, கூப்பிடறான். அவன் வேலை முடிஞ்சு வர்றதுக்கு அஞ்சு மணி ஆயிடும். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம். நீங்களும் நானும் மட்டும் உக்காந்து பேசி எத்தனை வருஷமாச்சு.

யாரு சொன்னது, அந்த மன்றத்து வாட்ச்மேன் பொண்டாட்டியா? அதானே பாத்தேன். அவ வாய்க்குப் பூட்டே கிடையாது. என்னவாம்? நாப்பத்தொம்பது வயசுல, புருஷன் செத்து நாலு வருஷம்கூட முடியல, சனோபர் இடுப்பைக் குலுக்கிக்கிட்டு ஆடறான்னாளா? நாலு முடிஞ்சு அஞ்சாவது நடக்குதுக்கா. சொல்றதுதான் சொல்றா, கணக்கையாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா. நீங்க என்ன பதில் சொன்னீங்க? ம். வெக்கமா இருந்துச்சா. சரி, இருக்கட்டும்.

இருங்க இருங்க, சனிக்கிழமை விஷயத்தை நீங்க ஆரம்பிக்காதீங்க. நானே சொல்லிடறேன், உங்களுக்கு எதுக்குக் கஷ்டம். உமர்பெக் கல்யாணம், பொண்ணு நம்ம வாசல்ல வந்து இறங்கி, தீயைச் சுத்தி உள்ள வர்றப்ப, மாமியார்காரி நம்ம ஊரு லஸ்கி ஆட்டம் ஆடிக்கிட்டே முன்னால நடந்து கூட்டிட்டு வரணும். ஆனா உங்க குடும்பத்துல ஒரு சட்டம், புருஷன் இல்லாதவ அந்த நேரத்துல முன்னால நிக்கக் கூடாது. புருஷனும் புள்ளைங்களுமா நிறைஞ்சிருக்கறவதான் ஆடணும். அதனால நான் கொல்லைப்பக்கம் புலாவ் கொப்பரைகிட்ட நின்னுக்கணும், எனக்குப் பதிலா நீங்க ஆடுவீங்க. அதானே? பட்டுத் துணிகூட எடுத்துத் தைக்கக் குடுத்தாச்சாமே. முழிக்காதீங்க, தையக்காரி என் பஸ்லதான் போறா வர்றா.

நீங்க நல்லா இருங்கக்கா. அண்ணன் நூறு வயசு இருக்கட்டும். உங்க ஆறு புள்ளைங்க அறுபதாப் பெருகட்டும். ஆனா என் வாசல்ல, என் மருமக முன்னால ஆடப் போறது நான்தான்.

என்ன சிரிப்பு? இவளுக்கு எங்க ஆடத் தெரியும்னுதானே? சிரிங்க, நியாயம்தான். இந்த ஹோரெஸ்ம் சீமையில பொறந்தவ ஒருத்தி லஸ்கி கத்துக்க க்ளாசுக்குப் போறான்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது. இந்தப் பக்கம் தொட்டில்ல கிடக்கற புள்ளகூட மேளச் சத்தம் கேட்டா விரலை நடுக்கி ஆட்டும்பாங்க. மீன் குஞ்சு காசு குடுத்து நீச்சல் கத்துக்கப் போன கதை. உண்மையச் சொல்றேன், புருஷன் இல்லாதவ ஆடறாளேன்னு நாலு பேர் பேசுவாங்களேங்கறதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. பேசட்டும், வாய் வலிச்சா நிறுத்திக்குவாங்க. இதுதான் என்னைப் போட்டு அறுத்துச்சு. தாஷ்கண்ட்காரி போகலாம், ரஷ்யாக்காரி போகலாம். உர்கெஞ்ச்லயே பொறந்து, இந்த மண்ணுலயே முலாம்பழம் தின்னு வளந்தவ போயி, எனக்கு லஸ்கி வராது, சொல்லிக் குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது?

நான் என்ன சாதாரணப்பட்டவளா? உர்கெஞ்சுக்கும் கிவாவுக்கும் நடுவுல ட்ராலி பஸ்ல இருபத்திரெண்டு வருஷமா டிக்கெட் கிழிக்கறவ. குடிச்சிட்டு ஏறினவனைச் சட்டையப் புடிச்சு நடுவழியில இறக்கி விட்டவ. ஆட்டுக்குட்டிய கோட்டுக்குள்ள மறைச்சு ஏத்திக்கிட்டு வந்தவன்கிட்ட ஆட்டுக்கும் சேத்து டிக்கெட் வாங்கினவ. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போக மூணு நாள் ஆச்சு. நம்புவீங்களா?

மொத நாள் வாசப்படி வரைக்கும் போனேன். மாடியிலேருந்து மேளமும் ஆர்மோனியமும் கேட்டுச்சு. அவ்வளவுதான். திரும்பி வந்துட்டேன். சும்மா வந்தா என்னவோ மாதிரி இருக்கேன்னு வழியில ஒரு கிலோ கேரட் வாங்கிட்டு வந்தேன், கேரட் வாங்கத்தான் போனேங்கற மாதிரி. யாருக்குக் காட்டறதுக்கு? வீட்டுல ஒருத்தரும் இல்ல. எனக்கே காட்டிக்கிட்டேன்.

ரெண்டாவது நாள் ரூம் கதவு வரைக்கும் போயிட்டேன். கைப்பிடிய இப்படிப் புடிச்சுட்டேன். உள்ள பொண்ணுங்க எதுக்கோ சிரிச்சாங்க. என்னைப் பாத்து சிரிக்கல, கதவு மூடியிருக்கு, நான் நிக்கறதே அவங்களுக்குத் தெரியாது. ஆனாலும் கைய எடுத்துட்டேன். கீழ இறங்கி வந்து குழாயில தண்ணி குடிச்சேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். அன்னைக்கும் ஒரு கிலோ கேரட். உமர்பெக் கேக்கறான், ஏம்மா, நம்ம வீட்டுல முயல் வளக்கறமான்னு.

மூணாவது நாள் வாட்ச்மேன் புடிச்சுட்டான். யாரும்மா நீ, வந்து வந்து படியேறி இறங்கிக்கிட்டே இருக்கன்னான். எனக்கு என்ன தோணுச்சோ, பேத்தியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்னுட்டேன். அந்த நேரத்துல சின்னப் புள்ளைங்க க்ளாஸ் முடியும், அதைப் பாத்து வெச்சிருந்தேன். பேத்தி பேரு என்னன்னான். ஃபெரூஸான்னேன். வாயில வந்த பேரு. அவன் சரின்னு மேல போயி, நிஜமாவே ஒரு ஃபெரூஸாவைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டான்!

அய்யோ, சிரிக்காதீங்கக்கா, கேளுங்க. அஞ்சு வயசு இருக்கும். முன்பல்லு ரெண்டும் இல்ல. ஷூவை கால் மாத்திப் போட்டுக்கிட்டு நிக்குது. அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன். அழும்னு பாத்தா அழல. எனக்குத் தாகமா இருக்குங்குது. என்ன பண்றது, சொல்லுங்க. தண்ணி குடுத்தேன். குனிஞ்சு ஷூவை சரியா மாட்டி விட்டேன். சரியா அந்த நேரம் பாத்து அதோட அம்மாக்காரி வர்றா. யாருடி நீ, என் புள்ளைய எங்க இழுத்துட்டுப் போறன்னு ஒரு கத்து கத்தினா பாருங்க, கட்டடமே காலியாயிருச்சு. அத்தனை பேரும் இறங்கி வந்துட்டாங்க. டீச்சர், பாட்டு க்ளாஸ் பசங்க, கீழ செஸ் ஆடிக்கிட்டிருந்த கிழவனுங்க எல்லாரும். வாட்ச்மேன் போனை எடுத்துட்டான், புள்ள புடிக்கறவ வந்துட்டா, போலீசுக்குச் சொல்லணும்னு.

அப்பத்தான் கத்தினேன். பஸ்ல கடைசி சீட்டு வரைக்கும் கேக்கற குரல்ல. நான் புள்ளையும் புடிக்க வரல பூனையும் புடிக்க வரல, லஸ்கி கத்துக்க வந்தேன், எனக்கு ஆடத் தெரியாதுன்னு.

செஸ் ஆடற கிழவன் ஒருத்தன், உர்கெஞ்ச்காரியாம்மா நீன்னான். ஆமாய்யா, உர்கெஞ்ச்காரிதான், அதுக்கென்ன இப்பன்னேன். அந்த அம்மாக்காரி கத்தறதை விட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறா. சிரிச்சிட்டுப் போகட்டும். அதுக்கு மேல ஒளிக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? கௌஹர்னு டீச்சர், இருபத்தாறு வயசுதான் இருக்கும், ஒல்லிக் குச்சி. என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. க்ளாஸ் அரை மணியில ஆரம்பிக்கும், காலுக்கு சாக்ஸ் கொண்டாந்திருக்கீங்களா, தரை சில்லுன்னு இருக்கும்னுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. வயசு கேக்கல, புருஷன் இருக்கானான்னு கேக்கல.

உள்ள போனா சுவர் முழுக்கக் கண்ணாடி. என்னை நான் முழுசாப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! வீட்டுல இருக்கற கண்ணாடியில மூஞ்சி மட்டும்தான் தெரியும். வயிறு எனக்கு முன்னால ஒரு அடி போகுது. தொப்பைக்குத் தனி டிக்கெட் போடணும் போல. கடைசி வரிசையில ஹீட்டர் பக்கமா ஒண்டிக்கிட்டேன். பக்கத்துல ஒரு கொரியாக்காரி, லூத்மிலா கிம்னு பேரு, பஜார்ல கேரட் சாலட் விக்கறா, அறுபது வயசு. கூசாம நிக்கறா. பாட்டுப் போட்டதும் கையத் தூக்கி விரலை நடுக்கினா பாருங்க, நம்ம ஊர்க் கல்யாணத்துல ஒருத்திக்கு வராதுக்கா அப்படி. கொரியாக்காரிக்கு வருது, எனக்கு வரல. எனக்கு வந்த ஆத்திரத்துல, நீ எப்படிக் கத்துக்கிட்டன்னு கேட்டேன். ரெண்டு வருஷமா வர்றேன், மொத ஆறு மாசம் எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சாங்க, இப்ப நான் உன்னைப் பாத்து சிரிக்கப் போறேன்ங்கறா. கொழுப்பு! ஆனா எனக்கு அவளைப் புடிச்சுப் போச்சு. கேரட் எல்லாம் இப்ப அவகிட்டதான் வாங்கறேன்.

எனக்கு முட்டி ரெண்டும் கடகடன்னு ஆடுது. பயத்துல. நிறுத்தப் பாக்கறேன், நிக்க மாட்டேங்குது. டீச்சர் நேரா என்கிட்ட வந்துச்சு. போச்சுடா, வெளிய போகச் சொல்லப் போகுதுன்னு நெனச்சேன். அது என் முட்டியப் பாத்துட்டு, நடுக்கம் நல்லா வருதே, இதை ஏன் அடக்கறீங்க, லஸ்கியில பாதி நடுக்கம்தானே, முட்டியிலயே வெச்சுக்காம மேல ஏத்துங்க, தோளுக்கு வரட்டும், விரலுக்கு வரட்டும்னுச்சு. எல்லாரையும் கூப்பிட்டு என் முட்டியக் காட்டுதுக்கா! இந்தம்மாவப் பாருங்க, ஒரு நாள்ல வந்திருச்சுன்னு. மானம் போச்சு. ஆனா மேல ஏத்தினேன். இடுப்புக்கு வந்துச்சு. தோளுக்கு வந்துச்சு. கழுத்து தானா ஆடிச்சு. எப்ப பயம் போச்சு, எப்ப ஆட்டம் வந்துச்சுன்னு எனக்கே தெரியல. சொட்டச் சொட்ட நனைஞ்சு போயிட்டேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ்ல உக்காரத் தோணல.

அப்படியே மூணு மாசமாச்சு. ஒரு க்ளாஸ் விடல. பாதம் போடறது வந்துச்சு, தலை ஆட்டறது வந்துச்சு. வலது கை வந்துச்சு. இடது கைதான் வரல.

இது இருக்கே, இந்த மணிக்கட்டு. இதுக்கு மேல திரும்பாது, பாருங்க. லஸ்கியில மணிக்கட்டு சுத்தணும், அப்பத்தான் விரல் பேசும். டீச்சர் புடிச்சுத் திருப்பிப் பாத்துச்சு. எலும்பு கோணலாக் கூடியிருக்கு, எப்படி ஆச்சுன்னு கேட்டுச்சு. முப்பது வருஷமா யாரு கேட்டாலும் டக்குன்னு ஒரு பதில் சொல்லுவேன்ல, முசுக்கட்டை மரத்துலேருந்து விழுந்தேன்னு. வாய் தொறந்தேன். வரலக்கா. சொல்லிச் சொல்லி நாக்குத் தழும்பு ஏறின பொய்யி, அன்னைக்கு அந்தக் கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு சொல்ல வரல. அது ஒரு நிமிஷம் என் மூஞ்சியப் பாத்துட்டு, சரி, வலது கை சுத்தட்டும், இது நேரா நிக்கட்டும், இப்படியும் ஆடலாம்னுட்டுப் போயிருச்சு.

ஏன் எழுந்துக்கறீங்க? நேரமாகலையே. நாலே முக்கால்தான் ஆகுது. டீ வேற ஊத்தறேன், உக்காருங்க. எதுக்கு இந்த வயசுல இந்த ஆசைன்னு வந்ததும் வராததுமா கேட்டீங்கல்ல, அதுக்குப் பதிலை இன்னும் சொல்லவே இல்லையே.

மருமகளா வரப் போற இந்திஸோர் வீட்டுல ரொட்டி பிட்டு நிச்சயம் பண்ணோமே, அன்னைக்கு நீங்க இடுப்பு வலின்னு வரல. அந்தப் பொண்ணு ஆடினதை நீங்க பாத்திருக்கணும். அவ தாய்மாமன் மேளத்தை எடுத்தான், எழுந்து வந்தா. ஒரு நகை இல்ல, கூச்சம் இல்ல, சாதா வீட்டுப் பாவாடை. அவ அம்மா, சித்தி, எதிர்வீட்டுப் பொம்பளை எல்லாரும் ரொட்டி பிட்ட கையோட நின்னு பாக்கறாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இவ நம்ம வீட்டுக்கு வந்தா வீடே வீடா இருக்கும்னு நெனச்சேன்.

திரும்பி வர்றோம், கார்ல நானும் உமர்பெக்கும் மட்டும். நல்லா ஆடினா இல்லடான்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன். அவன் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்றான், அதெல்லாம் இன்னையோட சரி, கல்யாணத்துக்கு அப்புறம் ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்னு. ஏன்டான்னேன். நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஆட மாட்டாங்கம்மாங்கறான். எங்கம்மா எந்த விசேஷத்துலயும் எழுந்து ஆடி நான் பாத்ததே இல்ல, எங்கம்மா மாதிரி இருன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்ங்கறான். கோவமா சொல்லலக்கா. பெருமையா சொல்றான்! என் புள்ள என்னைப் பெருமையா நெனச்சு சொல்றான். அந்தக் குரல் உங்க தம்பி குரல். அப்படியே, ஒரு மாத்து குறையாம. வண்டிய நிறுத்துடா, எனக்கு வாந்தி வருதுன்னு சொல்லி இறங்கினேன். வாந்தி வரல. முப்பது வருஷம் நான் ஒரு மூலையில உக்காந்திருந்தேன்ல, அதை எடுத்து அந்தப் பொண்ணை அடிக்கக் கம்பு செஞ்சிருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சுது. அடுத்த செவ்வாக்கிழமை அந்த வாசப்படிக்குப் போனேன்.

எனக்கு ஆடத் தெரியாதுன்னு கலாச்சார மன்றத்துல அத்தனை பேர் முன்னால கத்தினேன்னு சொன்னேன்ல. அது பொய்யி. அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்க அப்ப சிரிச்சீங்க பாருங்க, அதான் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மறந்துட்டீங்களா, இல்ல மறந்த மாதிரி இருக்கீங்களா? உங்க ரெண்டாவது புள்ளைக்குத் தொட்டில் விருந்து. உங்க வீட்டு முற்றம். எனக்குப் பத்தொம்பது வயசு, கல்யாணமாகி நாலு மாசம். நான் பாட்டுக்குத் தட்டு கழுவிக்கிட்டிருந்தேன். நீங்கதான் வந்து, வாடி புதுப் பொண்ணேன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் நடுவுல நிறுத்தினீங்க. ஆடினேன். அப்படி ஆடினேன்! நீங்க அழுதீங்க, எங்க வீட்டுக்கு வந்தவ காத்து மாதிரி ஆடறாடின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. உங்களை நான் குத்தம் சொல்லல, ஆசையாத்தான் இழுத்துட்டுப் போனீங்க.

வீட்டுக்கு வந்ததும் உங்க தம்பி கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினாரு. எந்தக் கையத் தூக்கி ஆடினன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. விளையாட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சேன்க்கா. புதுசாக் கல்யாணமானவ, புருஷன் கொஞ்சறான்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே இதோ இதைத்தான்னு தூக்கிக் காட்டினேன். நானே தூக்கிக் காட்டினேன்.

இல்ல, நீங்க தலையக் குனிய வேணாம். மறுநாள் காலையில யாரு வந்தது? நீங்கதான் வந்தீங்க. முட்டை வெள்ளைக் கருவைத் துணியில தடவி நீங்கதான் கட்டினீங்க. வலிக்குதாடி, வலிக்குதாடின்னு கேட்டுக்கிட்டே கட்டினீங்க. முடிச்சுப் போட்டுட்டு என்ன சொன்னீங்க? யாரு கேட்டாலும் முசுக்கட்டை மரத்துலேருந்து விழுந்தேன்னு சொல்லு, நம்ம வீட்டு ஆம்பளை பேரு வெளிய போகக் கூடாதுன்னீங்க. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக விடல, டாக்டர் கேப்பாருன்னு. சொன்னேனா இல்லையா? எங்கம்மா சாகற வரைக்கும் அவகிட்டகூட மரம்னுதான் சொன்னேன். மரமே ஏறத் தெரியாதே உனக்குன்னு அவ கேட்டா. புகுந்த வீட்டுல கத்துக்கிட்டேன்னேன்.

உங்க மேல கோவமான்னா? இருந்துச்சு, ரொம்ப வருஷம் இருந்துச்சு. இப்ப கோவத்துக்கு உங்களைக் கூப்பிடல. நான் கூப்பிடவே இல்லையே. கூப்பிட்டது அவன்.

இன்னைக்குக் காலையில அவன் சாப்பிட உக்காந்தப்ப சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன், கையத் தூக்கிக் காட்டினதையும் சேத்து. அவன் ரொட்டியக் கீழ வெச்சுட்டான். அப்பா அப்படிச் செய்யற ஆளே இல்லன்னான். ஒரு ஆட்டம் ஆடணும்ங்கறதுக்காக செத்துப் போன மனுஷன் மேல பழி போடறியாம்மான்னான். என் முகத்தைப் பாத்துக் கேட்டான்க்கா. அப்புறம் ஷூவை மாட்டிக்கிட்டே சொன்னான், அத்தையக் கேக்கறேன், அத்தை எனக்குப் பொய் சொல்ல மாட்டாங்க, அவங்க ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா நம்பறேன்னு. வாசல்லயே நின்னு உங்களுக்குப் போன் பண்ணான். என் காதுபடத்தான் பண்ணான், சாயந்தரம் வீட்டுக்கு வாங்க அத்தைன்னு. எனக்குப் புத்தி சொல்லத்தான் கூப்பிடறான்னு நெனச்சு வந்திருக்கீங்க, பாவம்.

இதை மட்டும் தெளிவாக் கேட்டுக்கோங்க. சனிக்கிழமை ஆடறது நான்தான். அது முடிஞ்சு போன பேச்சு. நீங்க மரம்னு சொன்னாலும் ஆடுவேன், அவன் என்னைத் தள்ளிட்டு நின்னாலும் ஆடுவேன், இந்தக் கோணக் கையத் தூக்கிக்கிட்டே ஆடுவேன். எனக்காக நீங்க எதுவும் சொல்ல வேணாம். ஆனா அந்தப் பொண்ணுக்கும் பத்தொம்பது வயசுதான். சனிக்கிழமை வந்து இறங்கிருவா. ஞாயித்துக்கிழமை காலையில நீங்களோ நானோ துணியும் முட்டையும் எடுத்துக்கிட்டு அவ ரூமுக்குப் போக வேண்டாம்னுதான் இவ்வளவும் பேசினேன். இப்ப இல்லன்னாலும் என்னைக்காவது.

அதோ, கார் நின்னுடுச்சு. அவன்தான். நான் கொல்லைப்பக்கம் போறேன், கூட இருந்தா நான் கண்ணைக் காட்டினேன்னு சொல்லுவான். நீங்களே போய்க் கதவைத் திறங்கக்கா. அவன் உங்களைப் பாக்கத்தான் வர்றான்.